இரண்டு நீலக் கேபிள்கள்

"நீ எதையாச்சும் புடுங்குனியா?" என்று ஆபீஸ் மேனேஜர் வசுமதி மேடம் கேட்டபோது என் கையில் ஈரத் துணி இருந்தது. காலை ஒன்பதரை மணி. கேளம்பாக்கத்தில் இருந்த அந்த அலுவலகத்தின் இரண்டு மாடிகளிலும் ஒரு கம்ப்யூட்டர்கூட இன்னொன்றோடு பேசவில்லை. அன்று சுவிட்ச் அறையைத் திறந்து பெருக்கியவள் நான் ஒருத்திதான்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். மேடம் செல்போனை எடுத்தார். என்னை அனுப்பிய ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டால் எனக்கு நாளை முதல் வேலை கிடையாது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அது மூன்றாவது இடம்.

நெட்வொர்க் பார்க்கும் அருணகிரி சார் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். மேல்மாடிக்கு ஒன்று, கீழ்மாடிக்கு ஒன்று. இரண்டிலும் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில், மூச்சு விடாமல் துடித்தன. துணியை மடித்தேன், பிரித்தேன்.

"போன வாரம் நான் போட்டது அப்படியே கீது மேடம். யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார் அவர்.

விடியற்காலையில் கரண்ட் போனதும், யூ.பி.எஸ். தீர்ந்து எல்லாம் ஒருமுறை செத்துப் பிழைத்ததும் காவலாளி சொல்லி எனக்குத் தெரியும். சுவிட்சுகளை இணைக்கும் இரண்டு நீலக் கேபிள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகப் போனது. ஒன்றை உருவினேன்.

விளக்குகள் அடங்கி, தனித்தனியாகச் சிமிட்டின. வெளியே யாரோ "வந்துச்சு" என்றார்கள்.

"பாத்தீங்களா மேடம்? எதைப் புடுங்கணும்னு அவளுக்கே தெரியுது" என்றார் சார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. டிபன் பையிலிருந்து, காதில் விழுவதை எழுதி வைக்கும் என் நோட்டை எடுத்தேன். அதை என் அம்மாகூடப் பார்த்ததில்லை. போன வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து மேடத்திடம் நீட்டினேன். சார் போனில் நண்பரிடம் பேசியதைக் கேட்டு எழுதியது. மேடம் உரக்கவே படித்தார்.

"இரண்டு கேபிளும் சேர்ந்து ஒரே பாதை என்று இரண்டு சுவிட்சிலும் சொல்ல வேண்டுமாம். ஜங்ஷனில் ஒரு ஷேர் ஆட்டோ போதாமல் இரண்டு விடுகிற மாதிரி. ஒரு வீட்டு ஆட்கள் பிரியாமல் ஒரே ஆட்டோவில்தான் ஏறுவார்கள். அதனால் ஒருவருடைய பெரிய ஃபைல் சீக்கிரம் போய்விடாது, நெரிசல்தான் குறையும். ஒன்று நின்றால் எல்லோரும் மற்றதில் போகலாம். சேர்த்துச் சொல்லாமல் விட்டால், ஒன்றில் போனது மற்றதில் திரும்பி வந்து ஓயாமல் சுற்றுமாம். கரண்ட் போனால் சொன்னது மறந்துவிடும், சேவ் பண்ண வேண்டும் என்றார். பண்ணுவதற்குள் பிரியாணி வந்துவிட்டது. சாப்பிட்டவர் அப்படியே கிளம்பிவிட்டார்."

மேடம் செல்போனைப் பைக்குள் போட்டார். "நீ போய் வேலையப் பாரு, ஹெலன்" என்று நோட்டைத் திருப்பித் தந்தார்.

நான் போகவில்லை. சார் லேப்டாப்பைத் திறந்து இரண்டு சுவிட்சிலும் சொல்லி, இரண்டிலும் சேவ் செய்தார். நான் உருவிய கேபிளைச் செருகினார். விளக்குகள் அமைதியாகவே இருந்தன.

சார் போகும்போதெல்லாம் என்னிடம் "கதவ சாத்திக்கம்மா" என்பார். அன்று பையை மாட்டிக்கொண்டு, என் நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் தானே சாத்திக்கொண்டு படியிறங்கினார்.