கால் மட்டும் தெரிந்த படம்

சின்னத்தை நடித்த படத்தில் சின்னத்தை இல்லை. எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

படத்தின் பெயர் ‘கண்ணாடி வருகிறது’. பழைய குறும்படம், வசனமே கிடையாது. இரண்டு பேர் ஓர் ஆளுயரக் கண்ணாடியைக் கடையிலிருந்து ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் அதில் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான். சினிமா படிக்கிறவர்களுக்கு இன்றும் இதைப் போட்டுக் காட்டுகிறார்களாம். நடுவில் ஒரு காட்சி: மதில்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கண்ணாடி கீழே கடந்து போகும். அந்தப் பிள்ளைகளில் தானும் ஒருத்தி என்பது சின்னத்தையின் கட்சி.

சின்னத்தை என் மாமியாரின் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. கல்யாணம் காட்சி வேண்டாம் என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். அதே வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம்.

வீட்டிலிருந்த டிஸ்க், பெயர் தெரியாத ஏதோ கம்பெனி போட்டது. மதில் காட்சி வரும்போது பிள்ளைகள் முகமெல்லாம் கரி பூசினதுபோல இருக்கும். எனக்கு அதை முதன்முதலில் போட்டுக் காட்டியபோது மாமியார் சொன்னார்:

“அதோ பாருங்க மாப்பிள்ளை, அந்த ஓரத்துக் கரிக்கட்டைதான் உங்க சின்னத்தை. ஆட்டோகிராப் வாங்கிக்கோங்க.”

“சிரி, சிரி. நல்ல காப்பி ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?” என்றார் சின்னத்தை.

இதுவரை எல்லாம் விளையாட்டுதான். பிறகு பல் காட்ட வந்த நூலகர் ஒருவர் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில், அடுத்த வாரம் சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைத் திரையிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சின்னத்தை வாய் சும்மா இருக்குமா? “அதுல நான் இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டார். நூலகருக்குப் பல்வலியே மறந்துபோயிற்று. அன்றைக்கு மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கையோடு சம்மதம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“போய் நில்லு,” என்றார் மாமியார். “படம் ஓடும். இதுல நீ எங்கேன்னு பிள்ளைங்க கேட்கும். கரிக்கட்டையைக் காட்டு. பெரியவங்கன்னா மரியாதைக்காவது சும்மா இருப்பாங்க. பிள்ளைங்க விடுமா?”

அன்று மாலை சின்னத்தை மாடிப்படியில் உட்கார்ந்து, “வெள்ளிக்கிழமை போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். எனக்கும் பொய்க்காரிப் பட்டம் கேட்டு அலுத்துப்போச்சு” என்றார்.

என் மனைவி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். “என்னங்க, ஊர்ல இருக்கிற லிஃப்டை எல்லாம் தூக்கி நிறுத்துறீங்க. எங்க சித்தியைத் தூக்கி நிறுத்த மாட்டீங்களா?”

நான் லிஃப்ட் மெக்கானிக். சினிமாவுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் இறங்கினேன்.

முதலில் இணையத்தில் ஒரு டிஸ்க் வரவழைத்தேன். ‘புதுப்பொலிவுடன், அகலத் திரைக்கு ஏற்றபடி’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. வீடே கூடி உட்கார்ந்து பார்த்தோம். பொலிவுக்குக் குறைவில்லை, மதில் செங்கல்லை எண்ணலாம். ஆனால் அந்த மதில் திரையின் மேல் விளிம்போடு முடிந்துவிட்டது. அதிலிருந்து வரிசையாகக் கால்கள் தொங்கின. வெறும் கால்கள்.

“அதோ! வலது பக்கம் முதல் கால், என் கால்!” என்று சின்னத்தை எழுந்தே விட்டார்.

“முன்னாடி முகமாவது கறுப்பா இருந்துச்சு. இப்ப முகமே இல்ல,” என்றார் மாமியார். “பேசாம மேடைக்குக் காலை மட்டும் அனுப்பி வைடி.”

எல்லாரும் சிரித்தோம். சின்னத்தையும் சிரித்தார், ஆனால் எழுந்து போய்விட்டார்.

எனக்கு அந்தக் கால்கள் உறுத்தின. பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுக் காலை மட்டும் எவனாவது படம் எடுப்பானா? மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். படத்தின் தலைப்பிலேயே எழுத்துகளுக்கு மேல்பாதி இல்லை. கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. விஷயம் பிடிபட்டது. படம் எடுத்த காலத்தில் திரை கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய டிவி நீளம். நீளத்தை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். சின்னத்தையின் தலை அந்த வெட்டில் போயிருக்கிறது.

ஆக, வெட்டாத காப்பி வேண்டும். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன்.

“அந்தப் படம் இருக்கு சார்.”

“தலை இருக்கா?”

“என்னது?”

“தலையோட முழுசா இருக்கான்னு கேட்டேன்.”

“சார், இது டிஸ்க் கடை. கறிக்கடை ரெண்டு கடை தள்ளி.”

வியாழக்கிழமை ஒரு குடியிருப்பில், லிஃப்ட் கதவு ஆளைக் கடிக்கிறது என்று புகார். புகார் கொடுத்த ஆறாம் மாடி அம்மாள் படங்களுக்கு வசனம் மொழிபெயர்ப்பவர். கையெழுத்து வாங்க உள்ளே போனால், சுவர் முழுக்க டிஸ்க். தயங்காமல் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தப் பதிப்பு வேணும்? அகலமா வெட்டினதா, ஆவணக் காப்பகம் போட்டதா?”

“ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, படம் நடுவுல சதுரமா நிற்குமே, அது.”

“பரவாயில்லையே. பட்டை வந்தா டிவி ரிப்பேருன்னு சொல்ற ஆளுங்களைத்தான் நான் பார்த்திருக்கேன்.” உருவி எடுத்த டிஸ்க்கை என் கையில் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார். “ஆனா தம்பி, நான் இரவல் தர்றதில்லை. போனது ஒண்ணும் திரும்பி வந்ததில்ல.”

நான் சின்னத்தையின் கதையைச் சொன்னேன். கரிக்கட்டையில் புன்னகைத்தார். கால்கள் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி. அந்தக் கதவு இனிமே என் குதிகாலைக் கடிக்கக் கூடாது. கடிக்கலைன்னா தர்றேன்.”

ஆள் நிற்பதைக் கண்டு கதவைத் தடுக்கிற கண்ணில் தூசி அடைத்திருந்தது. துடைத்து, கோணத்தைச் சரிசெய்து, அந்த அம்மாளையே ஏறி இறங்கச் சொன்னேன். நாலாவது தடவை வேண்டுமென்றே வாசலில் நின்று தலை வாரினார். கதவு பொறுமையாகக் காத்திருந்தது. டிஸ்க் என் பைக்கு வந்தது.

அன்று மாலை சின்னத்தையைக் கட்டாயப்படுத்தித்தான் உட்கார வைத்தோம். மாமியார் ஏனோ சமையலறையில் வேலை இருக்கிறது என்றார். என் மனைவி விடவில்லை.

தலைப்பு முழுசாக வந்தது. தூக்குகிறவர்களுக்குத் தொப்பி இருந்தது. மதில் வந்தது. கால்கள் வந்தன, கால்களுக்கு மேலே உடம்புகள், உடம்புகளுக்கு மேலே வெயில் பட்ட முகங்கள். வலது ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு, கேமராவை நேராகப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“சித்தி!” என்று கத்தினாள் என் மனைவி. அந்த நாக்கையும் கண்ணையும் யாரும் வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது.

சின்னத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“கொஞ்சம் நிறுத்துங்க,” என்றாள் என் மனைவி. “சித்தி பக்கத்துல யாரு அது?”

பக்கத்தில் கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி, வாயை ஆகாயத்துக்குத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் சடை சின்னத்தையின் பிடியில் இருந்தது. அந்த மூக்கை நான் தினமும் பார்க்கிறேன். என் மனைவிக்கும் அதே மூக்கு.

எல்லாரும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தோம்.

“அது நான் இல்ல,” என்றார்.

“அம்மா!”

“நான்தான் அன்னைக்கு வீட்டைப் பார்த்துக்கணும். கதவைத் திறந்து போட்டுட்டு இவ பின்னாடியே ஓடிட்டேன். அப்பா கேட்டப்போ, வீட்டை விட்டு நகரவே இல்லன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னதை அப்புறம் எப்படி மாத்தறது?”

“அதுக்கு சித்தியை இத்தனை வருஷம் கேலி பண்ணணுமா?”

“இவ முகம் தெரிஞ்சா பக்கத்துல என் முகமும் தெரியுமே!”

என் மனைவி சின்னத்தையிடம் திரும்பினாள். “ஏன் சித்தி, அம்மாவும் கூட இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அப்பவே சத்தியம் வாங்கிட்டா.” சின்னத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நான் சொல்லலையே. படம் சொல்லிடுச்சு.”

“சடையை விடச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா?” என்றார் மாமியார்.

“நீ மட்டும் ஓடிப் போயிடுவேன்னு பிடிச்சேன்க்கா.”

மாமியார் ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கினார். அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார். மறுபடியும்.

வெள்ளிக்கிழமை சின்னத்தை நூலகருக்கு போன் செய்தார். டிஸ்க் நாங்களே கொண்டுவருகிறோம், உங்களிடம் இருப்பதைப் போடாதீர்கள், திரையில் இரண்டு பக்கமும் கறுப்பாக வரும், பதறாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“மேடையில ஒரு நாற்காலியா, ரெண்டா?”

“ரெண்டு,” என்றார் மாமியார். “மைக்கை முதல்ல என்கிட்ட குடுக்கணும்னு சொல்லு. மூத்தவ நான்.”