சோயாக் கறியும் வெறுவயிற்றுக் குளிசையும்

சோயாவை நிறுத்திய நான்காம் நாள், குறிகட்டுவான் இறங்குதுறையில் சீமெந்து மூட்டையோடு என் கால் மடங்கியது. நெடுந்தீவுப் படகுக்கும் மேடைக்கும் நடுவே போட்ட பலகையில் நின்றிருந்தேன். பின்னால் வந்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணை தோளால் முட்டுக்கொடுத்திராவிட்டால் மூட்டையோடு கடலுக்குள் போயிருப்பேன்.

“நிமலன், சோயா திண்டா ஆம்பிளைக்கு நெஞ்சு வளருமெண்டு பகிடி பண்ணினது நான்தான். அதுக்காக விட்டிட்டுச் சாகச் சொல்லேல்லை” என்றார்.

“உங்கட பகிடிக்கு விடேல்லை அண்ணை. வீட்டுக்காரிக்காக.”

“அப்ப வா, என்ரை சோத்தில மீன் கிடக்கு.”

“விரதம்.”

“மீனுமில்லை, சோயாவுமில்லை. நீ என்ன, காத்தைக் குடிச்சோ சீமெந்து தூக்கிறாய்?”

எனக்குச் சிரிக்கவும் ஏலவில்லை.

புளியங்கூடலில் எங்கள் குறிச்சி அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் முடிந்து, நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியில் இருக்கும் மகள் ஸ்ரீவாணிக்குத் தலைப்பிரசவம். அவள் நல்லபடி பெற்றெழும்ப வேண்டும் என்று, நாற்பத்தெட்டு நாளும் ஒருநேரச் சோறு என என் மனைவி மீனலோசனி நேர்ந்திருந்தாள். மத்தியானப் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாள். இரவில் பாலும் பழமும். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமே இல்லை. மூட்டை சுமக்கிறவனுக்குப் பருப்பும் கீரையும் காணாது என்று எனக்காகத்தான் நாள்தோறும் சோயாமீற் கறி வைத்தாள். தானும் அதையே சாப்பிட்டாள்.

அவளுக்குத் தைரொயிட் வருத்தம். மூன்று வருடமாகக் குளிசை போடுகிறாள். சீராக இருந்த ரத்தச் சோதனை, விரதத்தின் முப்பத்தாறாம் நாள் மோசமாக வந்தது. அதற்கு முன்னரே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. முகம் ஊதியிருந்தது. கொளுத்தும் வெயிலில் குளிருது என்றாள். தேங்காய் துருவிக்கொண்டே தூங்கினாள். கனடாவில் இருக்கும் அவளுடைய தங்கை நிசாந்தினி போனில் குரல் அனுப்பியிருந்தாள்: “அக்கா, தைரொயிட்காரருக்குச் சோயா நஞ்சு. உடன எறி.”

மீனலோசனி எறியவில்லை. மிச்சப் பைக்கற்றுகளை அலுமாரிக்கு மேலே வைத்தாள். நான் ஒன்றை எடுத்துத் தமிழில் இருந்ததை எல்லாம் வாசித்தேன். எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று இருந்தது. கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“நஞ்செண்டா நானும்தானே திண்டனான். எனக்கொண்டும் செய்யேல்லையே” என்றேன்.

“உங்களுக்கெங்க கழுத்து இருக்கு? மூட்டை சுமந்து அதுவும் உள்ளுக்குப் போயிட்டுது.”

கனநாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் பகிடி விட்டுக் கேட்டேன். ஆனால் சோயாவை நிறுத்தியும் அவளுக்குச் சோர்வு குறையவில்லை. எனக்கும் சேர்ந்து வந்தது. கால் மடங்கியதற்கு மறுநாள் வேலைக்குப் போகாமல், ஒரு பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டொக்ரர் என் மகளின் வயதுப் பெண். பைக்கற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீனலோசனியிடம் கேட்டா:

“குளிசை எப்ப போடுறனீங்கள் அம்மா?”

“வெறுவயித்திலதான். ஒரு நாளும் தவறேல்லை.”

“எத்தினை மணிக்கு?”

“முந்தி விடிய. இப்ப விரதமெல்லோ? மத்தியானம் பூசை முடிஞ்சு வந்து, குளிசையைப் போட்டிட்டுத்தான் சோத்தில கை வைக்கிறனான்.”

டொக்ரர் பேனையைக் கீழே வைத்தா.

“சோயா நஞ்சில்லை. ஐயாவும் சாப்பிடலாம், நீங்களும் சாப்பிடலாம். ஆனா குளிசையோட சேரக்கூடாது. சேர்ந்தா குளிசை உடம்பில ஊறாது, வீணாப் போகும். சோயாவுக்கு நாலு மணித்தியாலம் விடுங்கோ. வேற சாப்பாடெண்டாலும் குளிசை போட்டு அரை மணித்தியாலமாவது பொறுக்க வேணும்.”

“அப்ப படுக்கேக்க போடட்டோ?”

“இரவில பால் குடிக்கிறீங்களெல்லோ? அதுவும் தடுக்கும். பழையபடி விடிய எழும்பினதும் தண்ணியோட போடுங்கோ. இனியும் பிந்த ஏலாது அம்மா. இப்பவே நெஞ்சு மெல்லமாத்தான் அடிக்குது.”

பஸ்ஸில் அவள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏழு நாள் கிடக்கு. இடையில முறிச்சு, பிள்ளைக்கு ஒண்டு நடந்தா?”

“உமக்கு ஒண்டு நடந்தா?”



அடுத்த நாள் விடிய அவள் குளித்துவிட்டு வந்தபோது, குசினியில் செம்பில் தண்ணீரும் பக்கத்தில் குளிசையும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கை நீட்டவில்லை.

“மீனலோசனி, மிச்ச ஏழு நாளையும் நான் பிடிக்கிறன். ஒரு வீட்டு நேர்த்திதானே.”

“சீமெந்து மூட்டையோடயோ? தண்ணியும் இல்லாமலோ?”

“ஓம். நீர் சோயாவைக் கட்டித் தாரும்.”

 அவள் என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, கோயில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குளிசையை வாயில் போட்டு ஒரு மிடறு குடித்தாள்.

அன்றைக்கு முப்பத்தொரு மூட்டை. பத்து மணிக்கு பஸ்ரியாம்பிள்ளை அண்ணை தேத்தண்ணி நீட்டினார்.

“வேண்டாம் அண்ணை.”

“இப்ப தேத்தண்ணியும் நஞ்சாமோ?”

ஒட்டிக்கிடந்த நாக்கோடு அடுத்த மூட்டையைத் தூக்கினேன். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. கோயில் மணிச்சத்தத்துக்கு நடுவில் மீனலோசனியின் குரல்.

“பூசை முடிஞ்சுது. இனிக் குடியுங்கோ.”

“நீர் சாப்பிட்டாச்சோ?”

“இனி வீட்டை போய்த்தான். காலமை குடிச்சது அந்த ஒரு மிடறுதானே.”

“அப்ப நீரும் விரதமோ? பிறகு நான் எதுக்கு?”

“அந்த ஒரு மிடறுக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சாக்கு அடுக்கில் சாய்ந்திருந்து போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்தேன். பிறகு சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன். பாதிக்கு மேல் சோயாக் கறிதான்.