நிறைந்த வண்டியின் சாவி

மேற்கே கருமேகம் படைதிரண்டு வந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு மூட்டைகள் நிறைந்த ட்ரெய்லரை இழுத்த டீசல் பிக்கப், சரளை மேட்டில் பாதி ஏறிச் சக்கரம் சுழன்று, இரண்டாம் முறையாகப் பின்வாங்கி அடிவாரத்தில் நின்றது.

பாதியை இறக்கிவிடலாம் என்றார் அப்பா. இறக்கிய பாதியை மழை விட்டுவைக்குமா? மூத்த மகளுக்கு வயிறு எரிந்தது. விதைத்தவளும் தோண்டியவளும் அவள். காலி வண்டியை ஓட்டிவர அவளுக்கு உரிமை உண்டு. பாரம் ஏறிவிட்டால் சாவி தங்கை கணவரின் சட்டைப்பைக்குப் போய்விடும். வெறும் வண்டிக்கு மகள், நிறைந்த வண்டிக்கு மருமகன்! இந்த நீதியை எழுதிய மகாராசன் எவன்?

அவள் ட்ரெய்லரைச் சுற்றி வந்து, தங்கை கணவரிடம் கேட்டாள்.

"எல்லா மூட்டையையும் ஏன் தம்பி வால்பக்கமே அடுக்குனீங்க?"

"முன்னால கனம் கொறஞ்சா வண்டி லேசா இழுக்கும்னுதான், அக்கா."

"ரொம்ப லேசாயிடுச்சு. அதான் சக்கரம் தரையில நிக்காம கூத்தாடுது."

பின்பாரம் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்க, அது பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கியிருந்தது. பிடிமானம் எங்கிருந்து வரும்? அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி முன்னே நகர்த்தினாள். மருமகனும் முணுமுணுத்தபடி கைகொடுத்தார். ட்ரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே கனம் சேர்ந்ததும், பிக்கப்பின் பின்புறம் அழுத்தமாக அமர்ந்தது.

அப்பா இன்னும் தயங்கினார். "நடு மேட்டுல நின்னுட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"நான்தான்பா. சாவியைக் குடுங்க."

வானம் உறுமியது. அப்பா மருமகனைப் பார்த்தார். சாவி கை மாறியது.

முதல் கியர். கிளட்சிலிருந்து கால் விலகியது. எஞ்சின் அடிவயிற்றிலிருந்து முழங்கியது. சரளை நொறுங்கியது, சக்கரம் கவ்வியது, வண்டி ஏறியது! ஸ்டியரிங்கின் அதிர்வு முழங்கை வரை பாய, அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நடு மேடு வந்தது. சக்கரம் ஒருகணம் வழுக்கியது. ஆக்சிலரேட்டரில் கால் அசையாது நின்றது. மீண்டும் பிடிமானம்! முன்கண்ணாடியில் பாதையும் மறைந்து முழு வானம் தெரிந்தது. மறுநொடி, கீழே சமவெளியும் கிடங்கின் தகரக்கூரையும் விரிந்தன.

உச்சியில் நிறுத்தி, வாய்விட்டுச் சிரித்தாள். மூச்சிரைக்க ஓடிவந்த அப்பா பழக்கத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்தார். அவள் இறங்கவில்லை. அவர் அவளையும் மேகத்தையும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, வண்டியின் முன்புறமாகச் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறி அமர்ந்தார்.

"எடு, மழை வந்துரும்" என்றார்.