சாந்தா லூசியா நாளில் அவித்த புட்டு

என் மகள் மொனிகாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மிலானோவில் படிக்கிறாள், மெல்லிய கண்ணாடி போடுகிறாள். டிசம்பர் பதின்மூன்று வந்தால் எனக்கு அவளுடைய ஆறு வயதுதான் ஞாபகம் வரும்.

அப்போது நான் பலெர்மோவின் கடற்கரையான மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். அது ஒக்டோபரில் மூடி ஏப்ரலில் திறக்கும். குளிர்காலம் முழுவதும் நான் வீட்டில். மனைவி சறோஜா காலையில் ஓர் இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். சமையலும் மகளும் என் பொறுப்பு. அந்தக் குளிர்காலங்களைப் போல வேறு காலம் எனக்கு வாய்க்கவில்லை.

மொனிகாவின் இடது கண்ணில் பார்வை குறைவு. அது பழகுவதற்காக நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். பள்ளியில் அவளுக்குப் பெயர் கடற்கொள்ளைக்காரி.

சாந்தா லூசியா கண்களைக் காக்கும் புனிதர். டிசம்பர் பதின்மூன்றில் வரும் அவருடைய திருநாளில் பலெர்மோவில் பாண் இல்லை, பாஸ்தா இல்லை. முன்னொரு பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் வந்ததாம். அரைக்கும்வரை பொறுக்காமல் சனங்கள் அப்படியே அவித்துத் தின்றார்களாம். அதனால் அன்று கோதுமை மா கூடாது. சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சீனாதான் வீட்டுக்கு வீடு.

ஆசிரியை இந்தக் கதையைச் சொன்ன அன்றே மொனிகா நேர்ந்துகொண்டாள். திருநாளன்று மா தொடமாட்டாள். பதிலுக்கு ஜனவரியில் டொக்டர் ஒட்டைக் கழற்றிவிடுவார்.

"ஒரு பிஸ்கற்றும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சாந்தா லூசியா பாத்துக்கொண்டிருப்பா."

திருநாளன்று மத்தியானம் புட்டு அவித்தேன். அரிசி மாதானே. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்கு சறோஜா அரஞ்சீனாக்களோடு வந்தாள். மிச்சப் புட்டைத் திறந்து பார்த்தாள்.

"எந்தப் பேணி மாவிலை அவிச்சனீங்கள்?"

"நீலப் பேணி. அரிசி மா."

"அது அவிச்ச கோதுமை மாவும் கலந்து வைச்சது. பத்து வருசமா என்ரை புட்டைத் தின்னுறியள், தெரியாதோ?"

தின்றிருக்கிறேன். மா கலந்ததில்லை.

மொனிகா கதவடியில் நின்றாள். "ஃபரீனாவோ? கோதுமை மாவோ?"

சறோஜா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம்," என்றேன். "அப்பா பிழை விட்டிட்டன்."

அவள் அழவில்லை. அரஞ்சீனாவைத் தொடவுமில்லை. அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"நீங்கள்தானே பிழை விட்டது. நீங்கள் பிடியுங்கோ."

"என்னத்தை?"

"நேர்த்தியை. டொக்டரிட்டைப் போகுமட்டும் மா சாப்பிடக் கூடாது."

"நத்தாருக்கும்?"

"நத்தாருக்கும்."

"நல்லா வேணும் உங்களுக்கு," என்றாள் சறோஜா.

கிறிஸ்து பிறந்த நத்தாரன்று பனெத்தோனே கேக்கை வெட்டியபோது மொனிகா ஒற்றைக் கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க எழும்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதுவும் மா."

"அது ஆண்டவர், பிள்ளை."

யோசித்தாள். "சரி. ஒண்டுதான்."

அவளைப் பள்ளியில் விட்டு வந்தால் மேசையில் பாண் கிடக்கும். வீட்டில் யாரும் இல்லை. தொடவில்லை. நேர்த்தியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததென்று சொல்லமாட்டேன். அவள் கேட்டால் என்ன சொல்வது?

ஜனவரி ஒன்பதாம் தேதி டொக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மொனிகா மூன்று வரி வாசித்தாள். முன்பு ஒன்றுதான். முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் ஒட்டு இன்னும் நாலு மாதம் என்றார்.

படிகளில் இறங்கும்போது அவள் நின்றாள்.

"அப்பா, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள்.

"அப்ப சாந்தா லூசியாவுக்கு வேலை கூடிப்போச்சு," என்றாள். "எல்லாரும் கேக்கிறவைதானே."

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு வண்டியில் ஸ்ஃபிஞ்சியோனே விற்றார்கள். தக்காளியும் வெங்காயமும் பரப்பிய தடித்த கோதுமை ரொட்டி. நான் அவளுக்கு மட்டும் ஒன்றுக்குச் சில்லறை எடுத்தேன். அவள் வண்டிக்காரரை அண்ணாந்து பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள்.