பால் டின்னுக்கு மண்டோர் தலை

சூசைமுத்து செய்த எலிப்பொறிக்கு மணி உண்டு. எலி உள்ளே கால் வைத்ததும் மணி அடிக்கும். அவர் எழுந்து உட்காருவார். எலியும் அதே சத்தத்தைக் கேட்டு வந்த வழியே போய்விடும். பொறியின் மேல் குற்றமில்லை, எலிக்குத்தான் பொறுமை போதாது என்பது அவர் கட்சி.

அதற்கு முன்னால் சீப்பின் முதுகில் கண்ணாடி பதித்தார். தலை வாரும்போதே முகம் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? கை போகிற இடத்துக்கெல்லாம் கண்ணாடியும் போனதில் ஒரு சமயத்துக்கு ஒரு காதுதான் தெரிந்தது. பிறகு இரண்டு மூக்கு வைத்த தேத்தண்ணிக் கெட்டில் வந்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டால் யாருக்கு முதலில் என்ற சண்டை இருக்காது. கெட்டில் சொன்னபடி செய்தது. இரண்டு பேர் மடியிலும் ஒரே நேரத்தில் ஊற்றியது. தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அடுத்த வீட்டு வேலம்மாவுக்குத் தொடையில் அந்தத் தழும்பு இருக்கிறது என்று பேச்சு. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மலாயாவில் ஈஜோக் பக்கத்து இரட்டைப்பால ரப்பர்த் தோட்டத்தில் அவருக்குப் பால்மரம் வெட்டுகிற வேலை. அந்த வேலை அவர் கைக்கு ஒத்துவரவில்லை. பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி, உள்ளே என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோமே என்று மரத்துக்குள் இறங்கிவிடும். காயம் பட்ட மரத்தில் பால் நின்றுபோகும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருசப்பனுக்கு மீசை துடிக்கும்.

“டேய் சூச, மரம் வெட்டுறியா, மீன் ஆய்றியா?”

“கை கொஞ்சம் அழுந்திருச்சு மண்டோரே.”

“இன்னும் ஒரு காயம் பாத்தேன், தோட்டத்துல ஒன் பேரும் கெடையாது, லயத்துல ஒன் வீடும் கெடையாது. பொட்டியத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இரு.”

போவது என்றால் எங்கே போவது? அது ஐம்பத்திரண்டாம் வருஷம். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டில் துப்பாக்கி. வேலிக்கு வெளியே வீடில்லாமல் நிற்கிறவனைப் போலீசும் சுடும், காட்டில் ஒளிந்து சர்க்காரை எதிர்க்கிற கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களும் சுடுவார்கள். யார் கண்ணில் முதலில் படுகிறான் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த நேரத்தில்தான் ஒரு விடியற்காலைப் பெரட்டில், ஆட்களின் பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு, தோட்ட ஆபீஸ் கணக்கர் கிளாரன்ஸ் கிராணி ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஜனங்களின் மனசைக் குளிரவைப்பதற்காகத் தோட்டத் திடலில் கைவேலைக் காட்சி நடக்கப்போகிறது. தோட்டத் தொரையும் அவர் பெண்சாதி மேமும் வருவார்கள், கோலசிலாங்கூரிலிருந்து போலீஸ் தொரையும் வருவார். பட்டறையில் வேலை செய்த நாகமணி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டதால், உபயோகமான சாமான் செய்து காட்டுகிற கெட்டிக்காரனுக்கு அந்த இடம்.

சூசைமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். பட்டறை! தகரம், ரிவிட்டு, உலை. வெட்டினால் காயம் படாத சாமான்கள்.

எதைக் கொண்டுபோய் வைப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் செய்ததில் வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான்.

அது இப்படி வந்தது. காட்டுக்காரர்களுக்குத் தீனி போய்விடக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. கடைக்காரர் கட்டிப்பால் டின்னை விற்கும்போதே ஆணி வைத்து ஒரு குத்து குத்தித்தான் கையில் கொடுக்க வேண்டும். குத்திய டின் காட்டுக்குப் போவதற்குள் கெட்டுப்போகும். காட்டில் யார் பட்டினி கிடந்தார்களோ தெரியாது, லயத்து எறும்புகள் நன்றாகச் சாப்பிட்டன.

சூசைமுத்து மங்கில் ஒட்டியிருந்த கடைசி ரப்பர் பாலை வழித்துவந்தார். மரத்தடியில் பால் வடிவதற்கு வைக்கிற கிண்ணம்தான் மங்கு. அந்தப் பாலைக் களிமண் அச்சில் ஊற்றி, உறையவைத்து, அடுப்புப் புகையில் காயவைத்தார். டின் ஓட்டைக்கு அளவான ரப்பர் மூடி வந்தது. அதோடு விட்டிருந்தால் அது வெறும் மூடி. அவர் விடவில்லை, மூடிக்குத் தலை வைத்தார். சேவல் தலை, யானைத் தலை, தொப்பியோடு தொரை தலை, மீசையோடு மண்டோர் தலை. தலையைப் பிடித்துக் கழுத்தைத் திருகினால் மூடி கழன்று பால் வரும்.

அதுவரை அவர் செய்த எதையும் ஓசியில் கொடுத்தால்கூட வாங்காத லயம், இதற்கு வரிசையில் நின்றது. எல்லோருக்கும் மண்டோர் தலைதான் வேண்டும். காலையில் மண்டோரிடம் வாங்கிய ஏச்சுக்குச் சாயங்காலம் அவர் கழுத்தைத் திருகித் தேத்தண்ணி கலக்குவதில் ஒரு ருசி இருந்தது. மண்டோர் பெண்சாதி மட்டும் ரகசியமாக ஆள் அனுப்பித் தொரை தலையாகக் கேட்டு வாங்கினாள்.

காட்சியன்று காலையில் ஏழு தலைகளைப் பொறுக்கியெடுத்துச் சூசைமுத்து துடைத்துக் கூடையில் வைத்தார். பெண்சாதி யூஜினியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“மீசக்காரத் தலையையுமா கொண்டு போறீங்க?”

“அதுதான் அம்சமா வந்திருக்கு.”

“மண்டோர் பாத்தா என்ன ஆவும்?”

“பட்டறைக்குப் போயிட்டா அவரு எனக்கு மண்டோரே இல்ல லா.”

“மாதாவே, இந்த மனுசனுக்கு எப்ப புத்தி குடுப்ப?” என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் இருந்த பயமெல்லாம் மீசையைப் பற்றியதுதான். ஓட்டையைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மூடி மூன்று மாதமாக உப்பு, புளி மாதிரி வீட்டோடு கலந்துவிட்டிருந்தது.

திடலில் கீற்றுப் பந்தல். நல்லசாமி ஒரு கோடாலிப் பிடி கொண்டுவந்திருந்தார். உலகத்தில் உள்ள எல்லாக் கோடாலிப் பிடியையும் போலவே இருந்தது. சூசைமுத்து பால் நிறைந்த ஏழு டின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தலையைச் செருகினார்.

மேம் வந்தாள். தொரை தலையைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற தொரையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூசைமுத்துவின் மனம் அப்போதே பட்டறைக்குப் போய் உலை மூட்டிவிட்டது.

பின்னால் வந்த போலீஸ் தொரை சிரிக்கவில்லை. மண்டோர் தலை வைத்த டின்னை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உலுக்கினார். விழவில்லை. டின்னின் அடியைத் தட்டினார். மண்டோர் தலை மீசையோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சூசைமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டுமானால் மேலே தூக்கிப் போட்டும் பாருங்கள் என்று கையால் ஜாடை காட்டினார்.

போலீஸ் தொரை கிராணியிடம் ஏதோ கேட்டார். கிளாரன்ஸ் கிராணியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

“சூச, இது எதுக்குன்னு தொரை கேக்கறாரு. நல்லா யோசிச்சு சொல்லு. டின்னுல ஓட்ட போடச் சொன்னது யாரு, எதுக்கு, எல்லாம் ஒனக்குத் தெரியும்தானே?”

அப்போதுதான் உறைத்தது. டின்னில் உள்ளது கெட்டுப்போகவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. அதைக் கெடாமல் காக்கும் மூடியைச் செய்து, பொட்டு வைத்துப் பூ வைக்காத குறையாக அலங்கரித்து, அந்தச் சர்க்காரிடமே பரிசு கேட்டு வந்து நிற்கிறார். உபயோகம் உண்டு என்றால் விலங்கு. இல்லை என்றால் பட்டறை இல்லை. திரும்பவும் மரம், திரும்பவும் கத்தி, அடுத்த காயத்தோடு வேலிக்கு வெளியே.

கூடையை எடுத்து மற்ற ஆறு டின்களையும் மறைத்தபடி நின்றார்.

“ஒண்ணுத்துக்கும் ஒதவாதுங்க தொரை,” என்றார்.

சொன்ன குரல் அவருக்கே கேட்கவில்லை. போலீஸ் தொரைக்கு நம்பிக்கையும் வரவில்லை. டின்னை மறுபடியும் கவிழ்த்துக் காட்டி, “அப்படியானால் இது என்ன?” என்று கேட்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வேலம்மா முன்னே வந்தாள். அவள் வீட்டில் இரண்டு மூடி இருந்தது.

“ஐயோ சாமி, இந்த ஆளு செஞ்சது எதுதான் உருப்பட்டுச்சு? கெட்டிலுன்னு ஒண்ணு செஞ்சாரு. என் தொடைய வெந்த கெழங்கா ஆக்குனாரு. கிராணி, தொரைகிட்டச் சொல்லுங்க!”

“எலிக்கு மணி அடிச்சுக் கூப்புடுற ஆளுங்க இவரு,” என்றது ஒரு குரல்.

“சீப்புல கண்ணாடி வச்சு எங்க மாப்ளைக்கு ஒரு பக்கம் வகிடே விழல!”

“மூடியாம் மூடி! நான் ஒண்ணு வாங்கி அன்னிக்கே தூக்கிக் கடாசிட்டேன்.” இதைச் சொன்னவள் முந்தாநாள்தான் யானைத் தலை ஒன்று கேட்டுச் சண்டை பிடித்தவள்.

இப்படி ஆளுக்கொன்று. கிளாரன்ஸ் கிராணிக்கு மொழிபெயர்த்து மாளவில்லை. லயமே திரண்டு நின்று அவரைக் காப்பாற்றுகிறது என்று சூசைமுத்துவுக்குப் புரிந்தது. காப்பாற்றுவதற்கு இவ்வளவு சுலபமாக இத்தனை சாட்சி கிடைத்ததுதான் வலித்தது. ஒருவர்கூடப் பொய் தேடித் தடுமாறவில்லை. மூடியைத் தவிர மற்றதெல்லாம் சத்தியம்.

போலீஸ் தொரை கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். மண்டோரைக் கூப்பிட்டார்.

இருசப்பன் வந்தார். டின்னின் மேல் தன் தலையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். சூசைமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இத்தனை மாதக் காயத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம். யூஜினியா ஜெபமாலையை மடிக்குள் உருட்டினாள்.

கூட்டத்துக்குள் மண்டோர் பெண்சாதி இருமினாள். தொண்டைக் கமறல் இருமல் அல்ல. வீட்டில் அடுப்பங்கரையில் தொரையின் தலை இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிற இருமல்.

மண்டோர் மீசையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

“இவன் கையில கத்தி இருந்தா மரத்துக்குக் கேடு தொரை, கத்தி இல்லாட்டி நமக்குக் கேடு. இது சும்மா பொம்ம. மூக்கக்கூட எனக்கு ஒழுங்கா வைக்கல.”

அப்போது மேம் நடுவில் புகுந்தாள். கண்கள் பளபளக்க, கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள். கிராணி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

“லண்டன்ல இப்ப பெரிய பெரிய ஆளுங்க கல்லுல ஓட்ட போட்டு மண்டபத்துல வைக்கிறாங்களாம். நீ ஓட்டைய அடைச்சிருக்கியாம். அதான் புதுசாம். இது கலையாம்.”

“அப்படின்னா என்னங்க கிராணி?”

“பாக்கறதுக்கு மட்டும். எடுத்துப் பொழங்கக் கூடாது.”

பொழங்கக் கூடாது என்றதும் போலீஸ் தொரையின் தோள் இறங்கியது. ஏழு தலைகளையும் மேம் பங்களாவுக்கு எடுத்துப்போகலாம், ஆனால் லயத்தில் இப்படி ஒன்று இனிமேல் கண்ணில் படக் கூடாது என்றார். காட்சி தொடர்ந்தது. பட்டறை வேலை நல்லசாமியின் கோடாலிப் பிடிக்குப் போயிற்று. கலைக்கான முதல் பரிசு சூசைமுத்துவுக்கு: ஒரு டின் பிஸ்கோத்து. சட்டப்படி அதிலும் ஆணி ஓட்டை போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் லயத்து அடுப்பெல்லாம் ஒரே நேரத்தில் புகைந்தன. சேவலும் யானையும் மண்டோர்களும் விறகோடு விறகாக எரிந்தார்கள். ரப்பர் கருகுகிற நாற்றம் மூக்கைத் துளைத்தது. மண்டோர் வீட்டுக் கூரையிலும் அதே கரும்புகை. யூஜினியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி மூடியை அடுப்பில் தள்ளினாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் செய்த சாமானைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சூசைமுத்துவுக்கும் கண் கலங்கியது. புகை என்று வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரட்டில் மண்டோர் அவர் பேரைக் கூப்பிடவில்லை. போச்சு என்று நினைத்தார். எல்லோரும் கலைந்த பிறகு இருசப்பன் பக்கத்தில் வந்தார்.

“கத்தியக் குடு. ஒன்ன பங்களாவுக்கு அனுப்பச் சொல்லி மேம் உத்தரவு. கார் கொட்டாய்ல ஒக்காந்து அந்த எழவைச் செய்யணுமாம். ஒரு விஷயம், நல்லாக் கேட்டுக்க. எதுவும் எதுக்கும் ஒதவக் கூடாது. ஒதவுச்சோ, போலீஸ் தொரை கூப்புட்டு அனுப்புவாரு. நீ மறுபடியும் மரம் வெட்ட வந்துருவ. என்னால தாங்க முடியாது.”

வீடு நின்றது. மரங்களும் பிழைத்தன. ஆனால் கார் கொட்டகையில் ரப்பரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்த சூசைமுத்துவுக்கு மூன்று நாளாக ஒன்றும் ஓடவில்லை. உதவ வேண்டும் என்று செய்தபோதெல்லாம் உதவாமல் போன கை, உதவாததைச் செய் என்றதும் அடம் பிடித்தது. உருண்டையாகப் பிடித்தால் பந்து. தட்டையாக்கினால் கால் மிதி. நீட்டினால் அம்மி நகராமல் இருக்க அடியில் செருகலாம். எல்லாவற்றையும் பிசைந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாலாம் நாள் ஒன்று வந்தது. மூன்று கால், நடுவில் ஒரு பொந்து, ஒரு பக்கம் காது மாதிரி ஒரு மடிப்பு. எப்படித் திருப்பினாலும் ஒரு வேலைக்கும் ஆகாது. சூசைமுத்து அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மேமிடம் காட்ட முகம் கழுவிக்கொண்டு வரப் போனார்.

திரும்பி வந்தால் சாமானைக் காணவில்லை. பங்களா சமையல்காரர் வீரன், குசினியில் அதன் மூன்று காலையும் மேசை மேல் நிறுத்தி, பொந்துக்குள் கொதிக்கிற சட்டியை வைத்து, மடிப்பில் கரண்டியைச் செருகிவிட்டு நின்றார்.

“அண்ணே, பிரமாதம்ணே! சட்டி ஆடவே மாட்டேங்குது. இன்னொண்ணு செஞ்சு குடுங்க.”

சூசைமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேமின் சப்பாத்துச் சத்தம் நடையில் நெருங்கிக்கொண்டிருந்தது.

“எடுப்பா அதை,” என்று சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். “மெதுவாப் பேசு. இந்த மாதிரி நல்ல வார்த்தையெல்லாம் இங்க சொல்லாத.”