கவுஸும் ஷெட்டில் கிடந்த புல்வெட்டி வண்டியும்

லப்பைக்குடிக்காட்டு கவுஸ் கத்தாரில் ஒரு கால்பந்து மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டியவர். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். அவர் ஊர் திரும்பிய சில மாதங்களில், பெரம்பலூர் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் தமிழ்மாறன் விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தார். கல்லூரி ஷெட்டில் அதே மாதிரி பழைய வண்டி ஒன்று கிடக்கிறது, வந்து ஓடவைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

“வரேன் சார்” என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் கவுஸுக்கு உறைத்தது: அவருக்கு ஓட்டத்தான் தெரியும். அங்கே வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

“அத அவர்கிட்ட சொல்லவேண்டியதுதானே?” என்றாள் மனைவி பாத்திமா பீவி.

“பெரிய இன்ஜினியர்கிட்ட பேசுற மாதிரி பேசுனாரு புள்ள. எனக்கு வாயே வரல.”

வேறு வழி தெரியாமல், பைக் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பாலாஜியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஷெட்டில் வண்டி பழைய கோல் வலைகளுக்கு அடியில் கிடந்தது. சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதன்மேல் முழுக்க எலிப் புழுக்கை. டேங்கில் கெட்டுப்போய்க் கிடந்த பெட்ரோலை பாலாஜி வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். புது பிளக் போட்டான், கல்லூரி வேனிலிருந்து பேட்டரியை எடுத்துவந்து மாட்டினான். கவுஸ் பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருகியும் அதே கதைதான்.

“பிளக்குக்கு கரண்ட்டே வரல பாய். ஏன்னுதான் புரியல” என்றான் பாலாஜி.

நின்று நின்று கால் வலித்த தமிழ்மாறன், சீட்டின்மேல் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். யாரோ போனில் கூப்பிட, பேச ஆரம்பித்தார். கவுஸ் சும்மா இன்னொருதரம் சாவியைத் திருகினார். பெரிய சத்தத்தோடு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை.

“ஓடுது, ஓடுது!” என்று கத்தியபடி தமிழ்மாறன் இறங்கி முன்னால் ஓடிவந்தார். அவர் வருவதற்குள் நின்றுவிட்டது.

மறுபடி திருகினார்கள். சுற்றியது, பிடிக்கவில்லை. தமிழ்மாறன் ஏறி உட்கார்ந்தார், ஓடியது. இறங்கினார்; நின்றது.

“போன்ல எதும் சிக்னல் போவுதா சார்?” என்றான் பாலாஜி. தமிழ்மாறன் போனைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போதும் ஓடியது.

“கத்தார்லயும் இப்படித்தான் இருக்குமா பாய்?” என்று கேட்டார் தமிழ்மாறன்.

கவுஸ் சாவியிலிருந்து கையை எடுத்தார். “சார், நெசத்தைச் சொல்லிடுறேன். எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

தமிழ்மாறன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப காலையிலேர்ந்து மூணு பேருமே ஒண்ணும் தெரியாமத்தான் நிக்கிறமா?”

“எனக்கு பைக்கு தெரியும் சார்” என்றான் பாலாஜி மெதுவாக.

சொல்லிவிட்டதில் கவுஸுக்கு மனசு லேசானது. தெரிந்த வேலையையாவது செய்வோம் என்று பேப்பரைத் தள்ளிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருகினார். ஓடியது. எழுந்தார், நின்றது.

“பாய், ஆளு யாருங்கறது இல்ல. யாராச்சும் உக்காரணும், அவ்வளவுதான்” என்ற பாலாஜி சீட்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் இன்ஜினை நோக்கிப் போயின. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வண்டி தானாக நிற்பதற்கான ஏற்பாடு. கவுஸ் எத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்! இறங்கும் முன் சாவியை அணைக்கச் சொல்வார்கள், அணைப்பார். அணைக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்ததே இல்லை.

கவுஸ் வண்டியை ஓட்ட, மூவரும் சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு வந்தார்கள். வெட்டும் லீவரைத் தள்ளிவிட்டு கவுஸ் ஒரு சுற்றுப் போனார். மாணவர்கள் கை தட்டினார்கள். கத்தாரில் இருந்த பழைய ஆளாகிவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால், கோரையும் அருகம்புல்லும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றன. சக்கரம் ஏறிய இடத்தில் மட்டும் சாய்ந்திருந்தன.

பாலாஜி படுத்து வண்டியின் அடியில் பார்த்தான். “பிளேடைச் சுத்துற பெல்ட்டே இல்ல பாய். எலி தின்னுருக்கு போல, துண்டுதான் கெடக்கு.”

“பெல்ட்டு எங்க கெடைக்கும்?” என்று தமிழ்மாறன் கேட்டார். திருச்சியா, சென்னையா, யாருக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பாத்திமா பீவி போனில் கூப்பிட்டாள். “வண்டி ஓடுச்சா?”

“நல்லா ஓடுச்சு. புல்லுதான் அப்படியே இருக்கு.”

“அப்ப என்னத்தங்க ஓட்டுனீங்க?”

கவுஸ் யோசித்துப் பார்த்தார். “வூட்டுக்கு வந்து சொல்றேன்” என்றார்.