கூப்பிட்டால் திரும்புவான்

நான் படிப்பது மழலையர் கல்வி. பல்கலைக்கழகத்தில், இளங்கலை, கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்ன படிக்கிறாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

"புள்ளைக்கு மூக்குத் தொடைக்க டிகிரியா?" என்றார் கீழ்வீட்டு டெய்லர்.

"உங்க புள்ளைக்கு ஒழுகுது. தொடைச்சிட்டு வந்து பேசுங்க" என்றேன்.

எங்கள் வீடு அவருக்கு மேல் மாடியில். பழைய கட்டடம், பலகைத் தளம். அப்பா தகடு அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தே காதைத் தொலைத்தவர். அவரை வாயால் கூப்பிட்டால் தொண்டைதான் கிழியும். குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. பலகை அதிரும், அவர் திரும்புவார். அம்மா கண்டுபிடித்த வழி இது. அம்மா இறந்த பிறகும் பழக்கம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. காது நன்றாகக் கேட்கிற அக்காவும் நானும்கூடத் தரையை மிதித்துத்தான் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவோம். டெய்லர் கீழேயிருந்து கட்டையால் இடிப்பார்.

"மேல என்ன, குதிரையா கட்டி வச்சிருக்கீங்க?"

"ஆமா, புல்லு இருந்தா அனுப்புங்க!" என்பாள் அக்கா.

அக்கா மருந்து டப்பா அடைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். அத்தான் லாரி ஓட்டுகிறார். வந்தால் வருவார், வராவிட்டால் போனில் வருவார். மூன்று வயதை நெருங்கும் அவர்கள் பையனைப் பகல் முழுக்க அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் அவன் பெயர் சமத்து. குக்கர் தலைக்கு மேல் விசில் அடித்தாலும் தூக்கம் கலையாது. பக்கத்து வீட்டில் பாத்திரம் பறந்தாலும் அழமாட்டான். இன்னும் பேச்சு வரவில்லை, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று தெருவே சொன்னது. பேசாவிட்டால் என்ன, ஒரு மிதி மிதித்தால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பானே.

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தையைப் பருவம் முழுக்கக் கவனித்து ஆய்வு எழுத வேண்டும். கூடப் படிப்பவர்களுக்குத் தெரிந்த டாக்டர் வீட்டுப் பிள்ளை, வக்கீல் வீட்டுப் பிள்ளை என்று கிடைத்தது. எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றுதான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறைக்கு வழவழவென்று சிமென்ட் தரை. ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே விளையாடும் பிள்ளைகளுக்கு நாங்கள் தெரியமாட்டோம்; நாங்கள் வெளியே நின்று பார்த்து எழுதுவோம். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்பார் பேராசிரியை. சமத்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவு நேர்த்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அந்த அறை ஆயாவின் கையிலிருந்து தகரத் தட்டு ஒன்று நழுவி விழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களே துள்ளிவிட்டோம். உள்ளே எல்லாப் பிள்ளைகளும் திரும்பின, ஒன்று வீரிட்டு அழுதது. சமத்து அடுத்த கட்டையை எடுத்தான்.

பேராசிரியை என்னைப் பார்த்தார். "இவன் நீ கூட்டிட்டு வந்த பையனா?"

"அக்கா பையன் மேடம். விளையாட ஆரம்பிச்சா இப்படித்தான். ரொம்ப கவனமா விளையாடுவான்."

"உள்ள போய்க் கூப்பிடு."

போனேன். முதுகுப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பிறகு வீட்டு ஞாபகத்தில், கால் தானாக எழுந்து, ஓங்கி ஒரு மிதி. கண்ணாடிக்கு அப்பால் சிரிப்பு கேட்டது. "எருமை ஓட்டுறா பாரு" என்றாள் ஒருத்தி. சிமென்ட் தரை அசையவில்லை. எனக்குக் குதிகால் மட்டும் வலித்தது. சமத்து கட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

அந்தச் சிரிப்புக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை நாள் அவன் திரும்பியது எங்கள் குரலுக்கு அல்ல, பலகைக்கு.

வெளியே வந்ததும் பேராசிரியை என் தோளில் கை வைத்தார். "ரொம்ப அபூர்வமான கேஸ் கிடைச்சிருக்கும்மா உனக்கு. வீட்டுச் சூழலே குறைபாட்ட மறைச்சிருக்கு. நல்லா எழுதினா கருத்தரங்குக்கே அனுப்பலாம். செவிச் சோதனைக்கு உடனே கூட்டிட்டுப் போ, அதையும் சேர்த்து எழுது."

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

அன்று மாலை அக்கா வேலை விட்டு வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"விளையாட்டுல இருந்திருப்பான்."

"இப்ப கூப்பிடு. காலை அசைக்காம கூப்பிடு."

கூப்பிட்டாள். அவன் ஜன்னல் கம்பியில் துணிக்கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். கால் எழுந்தது, நான் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"புள்ள வளக்கிறதப் படிக்கிறேன்னு போயி, பெத்தவளுக்கே பாடம் நடத்துறியா? நீ ஒண்ணு பெத்துட்டு வந்து பேசு."

"பெத்தா கண்ணு தெரியுமா? தெரிஞ்சிருந்தா உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கணுமே!"

"என்னடி ரெண்டு பேரும் வாயை வாயை அசைக்கிறீங்க?" என்றார் அப்பா. "எனக்கும் சொல்லுங்க."

அப்பாவிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். "இவனுக்குக் காது கேக்கலப்பா!"

கீழே தையல் மிஷின் நின்றது. தெருவில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்த சமத்து அடுத்த கிளிப்பை மாட்டினான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தளர்ந்தது. அப்போதே வாயை மூடியிருக்கலாம். படித்தவள் அல்லவா நான், சொல்லுக்குக் கனம் சேர்க்க வேண்டுமே.

"நான் மட்டும் சொல்லலக்கா. எங்க மேடமே பாத்துட்டாங்க. இவன வச்சு நான் எழுதுறது கருத்தரங்குக்கே போகுமாம்."

அக்காவின் முகம் கதவு மாதிரிச் சாத்திக்கொண்டது.

"ஓ. அதான் விஷயமா. உன் மார்க்குக்கு எம்புள்ள செவிடாகணும்."

"அக்கா..."

"கண்ணாடிக்குள்ள விட்டு வேடிக்கை பாக்கவா அவன அனுப்பினேன்? பார்க்குக்குப் போறோம்னுதானே சொன்ன? இனிமே அவனத் தொடாத, அவனப் பத்தி ஒரு வரி எழுதாத. ஆஸ்பத்திரி, மேடம்னு எவளாவது இந்தப் பக்கம் வந்தீங்க, நடக்கிறதே வேற."

அதன் பிறகு வீடு ஊமையானது. அக்கா சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள், வாய் திறக்கமாட்டாள். பையனைக் கம்பெனியில் தன்னோடு வேலை பார்ப்பவளின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினாள். எனக்கோ உள்ளே எரிந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை மொழியை எப்படிப் பிடிக்கிறது என்று நான் படித்துத் தேறியிருக்கிறேன். காது கேட்காத பிள்ளையிடமிருந்து ஒவ்வொரு மாதமும் எதைப் பறித்துக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? என் சொல் அந்த வீட்டில் காசு பெறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அங்கே மட்டும்தான் கல் தரை. பையனைத் தரையில் உட்கார வைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்று, பட்டறையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அக்கா வாசற்படியில் கையில் கரண்டியோடு நின்றாள்.

அப்பா நிமிர்ந்தார். "எங்கிட்ட இருந்த ஒரே சொத்து இந்தச் செவிடுதான்" என்றார். "அதையும் பேரனுக்கு எழுதி வச்சிட்டேனா?"

"உங்களுது மிஷினால வந்ததுப்பா! ஒட்டாது!" என்று கத்தினேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அக்கா கரண்டியை வைத்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பேராசிரியையின் அறைக்குப் போனேன். "அக்கா பையனைப் பத்தி நான் எழுதல மேடம்" என்றேன்.

"உணர்ச்சிவசப்பட்டு முடிவு எடுக்காதே. பருவம் பாதி போயாச்சு. வேற குழந்தைய இப்ப எடுத்தா இந்த வருஷம் முடிக்க முடியாது. ஜூனியர்களோட உக்காந்து எழுதணும்."

"உக்காருறேன்."

"பெயர மாத்திட்டு எழுதலாம். யாருக்கும் தெரியாது."

"எங்க அக்காவுக்குத் தெரியும் மேடம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். பட்டமளிப்புக்கு அப்பாவுக்குப் புதுச் சட்டை தைக்க டெய்லரிடம் அளவு கொடுத்தாயிற்று. அதையும் போய் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதல. விட்டுட்டேன். இந்த வருஷம் டிகிரி கிடையாது. இப்பவாவது அவனச் சோதனைக்குக் கூட்டிட்டு வா."

"யாரு உன்ன விடச் சொன்னது?"

"நீதான்."

"நான் எழுதக்கூடாதுன்னுதான் சொன்னேன். வருஷத்த விடுன்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன காலேஜா போனேன்?" கையிலிருந்த துண்டை ஓங்கி உதறினாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கிறுக்கு. சரியான கிறுக்கு... ஆஸ்பத்திரிக்குக் காலைல போகணுமா, மத்தியானமா?"

சோதனை அறை ஒரு பெரிய பெட்டி. தடித்த கதவு, சுவரெல்லாம் மெத்தை, சின்ன ஜன்னல். உள்ளே நாற்காலியில் அக்கா, மடியில் பையன், அவன் கையில் பொம்மை. சோதிக்கும் பெண் அக்காவிடம் சொன்னாள். "ஸ்பீக்கர்ல சத்தம் வரும். நீங்க திரும்பக்கூடாது, அசையக்கூடாது. நீங்க அசைஞ்சா அவன் உங்கள வச்சுக் கண்டுபிடிச்சிடுவான்." கதவை மூடிவிட்டு வெளியே வந்து பொத்தான்களின் முன் உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் ஜன்னலோரம் நின்றேன்.

எனக்கு உள்ளே நடப்பது எதுவும் கேட்கவில்லை. அக்காவின் முகத்தில்தான் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண் இமை துடித்தது. பிறகு உதட்டைக் கடித்தாள். அந்தப் பெண் குமிழைத் திருகத் திருக அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. அசையக்கூடாது என்று நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் கண்ணை இறுக மூடிவிட்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது, துடைக்கவும் கை எடுக்கவில்லை. மடியில் இருந்தவன் பொம்மையின் காலைக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தான்.

வெளியே வந்த பிறகு அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். இடப்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வலப்பக்கம் ஏறக்குறைய இல்லை. கருவி வைக்கலாம். பேச்சுப் பயிற்சி தினமும் வேண்டும். எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது.

"ஒரு வருஷம் முந்தி வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒரு வருஷம் முந்தி நீ என்ன படிச்சிட்டு இருந்த?"

யோசித்தேன். பொய் சொல்லத் தெம்பில்லை. "வரலாறு. மழலையர் பள்ளிய முதல்ல எந்த நாட்டுல ஆரம்பிச்சாங்க, எந்த வருஷம்னு."

"தெரிஞ்சுதா?"

"ம். முழு மார்க்."

அக்கா தலையாட்டினாள். பையனை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, கருவிக்கு அளவெடுக்கும் கவுன்டருக்கு நடந்தாள். வரிசை கதவுவரை வந்திருந்தது. சட்டைப்பையில் பேனா செருகிய ஒருவர் பக்கவாட்டில் நைசாக நுழையப் பார்த்தார்.

"ஏங்க, வரிசை பின்னாடி இருக்கு" என்றாள் அக்கா, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி.